வெண்டைக்காயும் விமானமும்

"ஏங்கண்ணு, அந்த ஏரோப்ளேனுக்கு என்ன எண்ணெய் ஊத்தறாங்க?"

2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராசிபுரத்தில் என் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது இந்தக் கேள்வி வந்தது. கேட்டவள் அத்தை. பதில் சொல்ல வேண்டியவள் நான். கல்லூரியில் மூன்று வருஷம் ரசாயனம் படித்துவிட்டு, அதை மறப்பதற்கென்றே பத்திரிகை ஆபீஸில் வந்து சேர்ந்தவள் என்று என்னைப் பற்றி அத்தை மகன் பரிகாசம் செய்வதுண்டு. அன்றைக்கு அந்த மூன்று வருஷப் படிப்புக்கும் சேர்த்துப் பரீட்சை வைத்துவிட்டாள் அத்தை.

விஷயம் இதுதான். அத்தை மகன் சென்னையில் இருக்கிறான். அவன் மனைவிக்கு ஆகஸ்டு மாதம் பிரசவம் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். அந்தப் பெண்ணுக்குத் தாயார் இல்லை. ஆகவே கூட இருந்து பார்த்துக்கொள்ள அத்தைதான் போயாக வேண்டும். அத்தைக்கோ முழங்கால் வலி. ஐந்து மணி நேரம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. பையன் யோசித்தான். ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறதே, அங்கே ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சென்னை! டிக்கெட்டும் வாங்கிவிட்டான். அத்தையும் சரி என்றுதான் சொல்லியிருந்தாள்.

அதற்குள் ஜூன் 12-ந் தேதி வந்தது. ஆமதாபாத்தில் லண்டனுக்குக் கிளம்பிய விமானம் ஒரு நிமிஷம்கூடப் பறக்காமல் விழுந்து எரிந்ததை நீங்களும் டெலிவிஷனில் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருந்த 242 பேரில் பிழைத்தவர் ஒரே ஒருவர். கீழே இருந்தவர்களிலும் 19 பேர் போனார்கள். அத்தை அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பையனுக்குப் போன் செய்து, "நான் பஸ்ஸிலேயே வந்துக்கறேன் சாமி" என்று சொல்லிவிட்டாள்.

"நீ ஊருக்கெல்லாம் எழுதுகிறாய். என் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா?" என்று அவன் என்னைக் கேட்டான். நானும் கிளம்பினேன். ரயிலில் வரும்போதே சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன். ஆகாயத்தில் போவதைவிட ரோட்டில் போவதுதான் அபாயம். தினமும் இத்தனை ஆயிரம் விமானங்கள் ஏறி இறங்குகின்றன. விபத்து என்பது எங்கோ ஒன்று... இப்படியெல்லாம். அடுக்கியது அத்தனையும் அத்தையின் ஒரு கேள்வியில் சரிந்துவிட்டது.

"சீமெண்ணெய்தானுங்க அத்தை" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அத்தை ஒன்றும் பேசவில்லை. இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1997-ஆம் வருஷம் கோடை விடுமுறைக்கு நான் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு ஏழு வயசு. சாயங்கால வேளை. "அத்தை, பணியாரம்!" என்று அடம் பிடித்தேன். விறகடுப்பை மூட்ட நேரமாகும் என்று அத்தை பம்ப் ஸ்டவ்வை எடுத்து வைத்தாள். பித்தளை வயிறும் மூன்று காலுமாக இருக்குமே, அந்த ஸ்டவ்தான். பர்னர் நன்றாகச் சூடேறுவதற்குள் நான் அவசரப்படுத்தினேன். நிப்பிள் அடைத்துக்கொண்டது. அத்தை பின்னைப் போட்டுக் குத்திவிட்டு, நாலு தடவை பலமாகப் பம்ப் அடித்தாள். ஊசி முனையிலிருந்து மண்ணெண்ணெய் 'சீ' என்று மேலே பீச்சியது. அடுத்த க்ஷணம் ஆள் உயரத்துக்கு ஜுவாலை. நைலக்ஸ் புடவை. மாமா ஓடிவந்து நெல்லுச் சாக்கைப் போட்டு அமுக்கினார். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் அத்தை இரண்டு மாதம் கிடந்தாள். இடது கை முழங்கை வரைக்கும் தோல் சுருங்கிப் போய்விட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அத்தை என்னிடம், "நீ பணியாரம் கேட்டதனால்தான்" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்படிப்பட்டவளிடம் போய், விமானத்தின் இறக்கைக்குள் இருப்பது மண்ணெண்ணெய் என்று சொல்லிவிட்டேன்!

*

நேயர்களே, உங்களில் பலருக்கும் இது புதுச் செய்தியாக இருக்கலாம். விமானம் என்றால் ஏதோ அபூர்வமான திரவத்தில் ஓடுகிறது என்றுதான் நினைப்போம். சிறிய பயிற்சி விமானங்கள் சில பெட்ரோலில் ஓடுகின்றன. மற்றபடி நாம் ஏறுகிற பிரயாணி விமானங்கள், ஜெட் ஆனாலும் விசிறி வைத்தது ஆனாலும், நம் பாட்டிமார் அரிக்கேன் விளக்குக்கு ஊற்றிய மண்ணெண்ணெயின் ஜாதியைச் சேர்ந்த எண்ணெயில்தான் பறக்கின்றன. இன்னும் சுத்தமாக வடித்தது, உயரத்தில் கடுங்குளிரிலும் உறையாதது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. பெட்ரோல் எந்த உஷ்ணத்திலும் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். விமான மண்ணெண்ணெய் அப்படியல்ல. குறைந்தது 38 டிகிரி செல்ஸியஸ் வரை சூடாகாமல் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடக் கூடாது என்பது அதற்கு விதி. 38 டிகிரி என்றால் எவ்வளவு? நம் சேலம், நாமக்கல் பக்கம் மே மாதத்து மத்தியானம் வெளியில் வந்து நின்று பாருங்கள், தெரியும். அதற்குக் கீழே இருக்கிற மண்ணெண்ணெய் பாத்திரத்தில் சும்மா கிடந்தால் சாது.

"அப்புறம் ஏன் இப்படி எரியுது?" என்றாள் அத்தை.

நான் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, அவளே மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்குங் கூட, என் கால் பட்டுப் பாட்டில் கவுந்து அரைப் பாட்டில் எண்ணெய் தரையிலே ஓடுச்சு. அது எரியலே கண்ணு. மேலே பீச்சினதுதான் பத்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பது வருஷமாக விஞ்ஞானிகள் முட்டி மோதிக்கொண்டிருக்கும் விஷயம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது!

விமானம் தரையில் மோதும்போது இறக்கை கிழிகிறது. எண்ணெய் வெறுமனே கொட்டுவதில்லை. விமானம் போகிற வேகத்தில் எதிர்க்காற்று அதை அடித்துச் சிதறி, பனிமூட்டம் போல் தூவலாக்கிவிடுகிறது. ஒரு துளி எண்ணெய் பல்லாயிரம் பொடித்துளிகளாக உடைந்தால், ஒவ்வொன்றையும் சுற்றிலும் காற்று. 38 டிகிரி கணக்கெல்லாம் அங்கே செல்லாது. உராய்வில் பறக்கிற ஒரு பொறியோ, கொதிக்கும் இஞ்சினோ போதும். மேகம் முழுவதும் ஒரே சமயத்தில் பற்றி நெருப்புப் பந்தாகிவிடுகிறது.

நம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்காரர்களைக் கேட்டால் இதையே வேறு மாதிரி சொல்வார்கள். மூட்டையில் இருக்கும் கிழங்கு மாவில் தீக்குச்சியை வைத்தால் கருகும், அவ்வளவுதான். அதே மாவு மூடிய அறையில் தூசியாகப் பறக்கும்போது பொறி பட்டால் வெடிக்கும். பொருள் ஒன்றே. பொடியாகிக் காற்றோடு கலப்பதில்தான் இருக்கிறது ஆபத்து.

*

அத்தை கிடந்த பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்த மருத்துவக் கல்லூரிக்கு மோகன் குமாரமங்கலத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். சேலத்துக்காரர்கள் தினமும் அந்தப் பெயரைச் சொல்கிறோம். ஆனால் அவர் எப்படி இறந்தார் என்பது இளவயதினர் பலருக்குத் தெரியாது.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். தகப்பனார் டாக்டர் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். அண்ணன் இந்தியாவின் தரைப்படைத் தளபதி. மோகன் குமாரமங்கலம் டில்லியில் உருக்கு, சுரங்க மந்திரி. 1973-ஆம் வருஷம் மே 31-ந் தேதி இரவு அவர் சென்னையிலிருந்து டில்லிக்கு விமானத்தில் போனார். புழுதிப் புயலும் மழையும். பாலம் விமான நிலையத்தை நெருங்கும்போது அந்தப் போயிங் விமானம் உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதி விழுந்து தீப்பிடித்தது. 65 பேரில் 48 பேர் மாண்டார்கள். அவர்களில் அவரும் ஒருவர்.

ஆக, சீமெண்ணெய் சுட்டு அத்தை படுத்திருந்த ஆஸ்பத்திரி, சீமெண்ணெய் சுமந்துபோய் எரிந்த விமானத்தில் போனவரின் பெயரோடு சேர்ந்தது. இதை நான் சொன்னபோது அத்தை, "அந்தப் புண்ணியவான் பேரா அது?" என்று கேட்டுவிட்டு வெகு நேரம் சும்மா இருந்தாள்.

பிறகு கேட்டாள்: "எரியாத எண்ணெயாப் பண்ணக் கூடாதா?"

*

எரியாத எண்ணெய் பண்ண முடியாது. எரிவதற்காகத்தானே எண்ணெய்! ஆனால் எளிதில் தூவலாகாத எண்ணெய் பண்ணலாம். அதைத்தான் முயன்று பார்த்தார்கள்.

வெண்டைக்காயை நறுக்கித் தண்ணீரில் சிறிது நேரம் போட்டு வைத்துவிட்டு அந்தத் தண்ணீரை விரலால் தொட்டுத் தூக்கிப் பாருங்கள். இழை இழையாக வரும். வெறும் தண்ணீரைக் கையில் எடுத்துத் தெளித்தால் பொடித் துளிகளாகச் சிதறும். வெண்டைக்காய்த் தண்ணீரைத் தெளித்தாலோ நூலும் கட்டியுமாக விழுமே தவிரச் சிதறாது. அதில் இருக்கும் வழவழப்பான சரக்கின் மூலக்கூறுகள் மிக நீளமானவை. கயிறு மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தண்ணீரை உடையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன.

மண்ணெண்ணெய்க்கும் இப்படி ஒரு 'வெண்டைக்காய்' கண்டுபிடித்தால் என்ன? இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். அதற்கு எஃப்.எம்.-9 என்று பெயர். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 300 கிராம் கலந்தால் போதும். 1977-ஆம் வருஷம் மார்ச் 27-ந் தேதி டெனெரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி எரிந்து 583 பேர் இறந்தார்கள் அல்லவா? அதற்குப் பின் அமெரிக்காவும் இங்கிலாந்தும் சேர்ந்து இந்த ஆராய்ச்சியை மும்முரமாக நடத்தின. தரையில் செய்த பரீட்சைகளில் எண்ணெய் நன்றாகவே நடந்துகொண்டது.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. பம்ப் ஸ்டவ்வை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி முனையில் எண்ணெய் ஆவியாக வந்தால்தான் அடுப்பு நீலமாக எரியும். விமான இஞ்சினும் அப்படித்தான். தூவலாக வந்தால்தான் அது வேலை செய்யும். ஆக, இஞ்சினுக்குள் தூவலாக வேண்டும், வெளியே தூவலாகக் கூடாது! இதற்காக இஞ்சினுக்குப் போகும் வழியில் ஒரு யந்திரத்தை வைத்து, அந்த நீளக் கயிறுகளை அறுத்து, எண்ணெயைப் பழையபடி தண்ணீராக்கி உள்ளே விட்டார்கள்.

கடைசியில் பெரிய பரீட்சை வந்தது. 1984-ஆம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி. கலிபோர்னியா பாலைவனத்தில் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். பழைய போயிங் 720 விமானம் ஒன்றில் இந்தப் புது எண்ணெயை நிரப்பி, இருக்கைகளில் மனிதர்களுக்குப் பதில் பொம்மைகளை உட்கார வைத்து, தரையிலிருந்தபடியே ஓட்டி, வேண்டுமென்றே கீழே மோதவிட்டார்கள். இறக்கையைக் கிழிப்பதற்கென்று இரும்புக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். விமானம் நேராக வந்து வயிற்றால் இறங்கிச் சறுக்க வேண்டும். கம்பங்கள் இறக்கையை மட்டும் கிழிக்க வேண்டும். எண்ணெய் கொட்ட வேண்டும். தீ பற்றக் கூடாது. இதுதான் திட்டம்.

நடந்தது வேறு. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது இறக்கை முதலில் தரையைத் தொட்டது. அதனால் திசை திரும்பிச் சறுக்கியது. ஒரு கம்பம் வலது பக்கத்து இஞ்சின் ஒன்றையே பிளந்துவிட்டது. இஞ்சினுக்குள் இருந்ததோ கயிறு அறுத்துத் தண்ணீராக்கிய எண்ணெய். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்முன்னே பிரம்மாண்டமான நெருப்புப் பந்து எழுந்தது. தீயை அணைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 113 பேர் உள்ளே இருந்திருந்தால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பேர்தான் தப்பியிருக்கக் கூடும் என்று கணக்கிட்டார்கள். புது எண்ணெயைக் கட்டாயமாக்கும் எண்ணம் அத்தோடு கைவிடப்பட்டது.

இதைச் சொல்லி முடித்ததும், அதுவரை வாசல் ஈஸிசேரில் கண்ணை மூடிக் கிடந்த மாமா, "அத்தனை பணமும் வீணுன்னு சொல்லு" என்றார். மாமா நாமக்கல்லில் முப்பது வருஷம் டேங்கர் லாரி ஓட்டியவர். எரியும் சரக்கைப் பற்றி யார் பேசினாலும் அவருக்குத் தூக்கம் கலைந்துவிடும்.

வீண் என்று சொல்லிவிட முடியாது. அந்த விமானத்துக்குள் வைத்திருந்த காமிராக்கள் எல்லாவற்றையும் படம் பிடித்தன. தீயை எண்ணெயில் தடுக்க முடியாவிட்டால், பிரயாணிக்குக் கொஞ்ச நேரமாவது சம்பாதித்துக் கொடுக்கலாமே என்ற வழியில் அந்த நாட்களில் வேலை வேகமாக நடந்தது. விமான இருக்கை மெத்தைக்குள் இருக்கும் பஞ்சு நுரை எரிந்தால் விஷப்புகை வரும். அதன்மேல் தீயை எளிதில் உள்ளே விடாத ஓர் உறை போட வேண்டும் என்று விதி வந்தது. புகை மேலே எழும்பிக் கூரை விளக்கை மறைத்துவிடும். ஆகவே தரையோடு ஒட்டி வழிகாட்டும் விளக்கு வேண்டும் என்றார்கள். தவழ்ந்து போகிறவர் கண்ணுக்கும் கதவு தெரிய வேண்டும் அல்லவா? 44-க்கு மேற்பட்ட இருக்கைகள் உள்ள விமானத்தில், பாதிக் கதவுகளை மட்டும் திறந்து, 90 விநாடிக்குள் எல்லாரும் இறங்கிக் காட்ட வேண்டும் என்ற விதி அதற்கும் முன்பே, 1967-லேயே இருந்தது.

"காலி டேங்குக்கு என்ன பண்ணாங்க?" என்றார் மாமா.

"என்ன மாமா?"

"நெறஞ்ச டேங்கருக்கு நாங்க பயப்பட மாட்டோம் கண்ணு. காலி டேங்கருக்குத்தான் பயம். உள்ளே ஆவி நிக்கும். வெல்டிங் வைக்கறவன் தண்ணி ரொப்பாமெ கிட்டவே போக மாட்டான்."

மாமா சொன்னது விமானத்திலும் நடந்துவிட்டது. 1996-ஆம் வருஷம் ஜூலை 17-ந் தேதி நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஜம்போ விமானம் ஒன்று ஆகாயத்திலேயே வெடித்து 230 பேர் இறந்தார்கள். ஏறக்குறையக் காலியாக இருந்த நடுத் தொட்டியில் நின்ற ஆவிதான் பற்றியது என்று விசாரணையில் முடிவாயிற்று. தீப்பொறி எங்கிருந்து வந்தது என்பதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே, பொறி வந்தாலும் பற்றக் கூடாது என்று 2008-இல் அமெரிக்காவில் விதி செய்தார்கள். வெளிக்காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து எண்ணெய்த் தொட்டியின் காலி இடத்தில் நிரப்புகிறார்கள். மூச்சுக்காற்று இல்லாத இடத்தில் நெருப்புக்கு என்ன வேலை? வெல்டிங்காரர் தண்ணீர் ஊற்றுகிறார். இவர்கள் நைட்ரஜன் ஊற்றுகிறார்கள். மாமா திருப்தியோடு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

*

வெண்டைக்காய் எண்ணெய் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அத்தையும் கேட்டாள்.

அது சாகவில்லை. கலிபோர்னியாவில் கால்டெக் என்ற புகழ்பெற்ற கலாசாலையில் ஜூலியா கார்ன்ஃபீல்ட் என்னும் பேராசிரியை இருக்கிறார். 2001-ஆம் வருஷம் நியூயார்க் கோபுரங்களில் விமானங்கள் மோதி எரிந்ததற்குப் பின், அவரும் அவருடைய மாணவர்களும் பழைய பிரச்னையைக் கையில் எடுத்தார்கள். பழைய சரக்கில் என்ன கோளாறு? நீளக் கயிறு பம்பிலும் குழாயிலும் இழுபட்டால் அறுந்து போகும், அறுந்தது அறுந்ததுதான். இவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். குழந்தைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நீள வரிசையாக விளையாடுவார்கள், பார்த்திருப்பீர்கள். நடுவில் யாராவது வேகமாக இழுத்தால் கை விட்டுப் போகும். யாருக்கும் அடி படாது. மறுபடி கையைக் கோத்துக்கொள்வார்கள். அதேபோல முனைகளில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகளைச் செய்தார்கள். பம்பில் இழுபட்டால் பிரியும். வெளியே வந்தால் சேர்ந்துகொள்ளும். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்தாலே எண்ணெய் பொடித்தூவலாவது குறைகிறது. 2015-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் அதை வெளியிட்டார்கள்.

"அப்போ நான் போற ஏரோப்ளேன்லே அது இருக்குமா?"

"இருக்காதுங்க அத்தை. ஆராய்ச்சிசாலையிலே இருக்கு, பிரயாணி விமானத்துக்கு இன்னும் வரலீங்க."

இந்தப் பதிலைச் சொல்ல எனக்கு மனசே இல்லை. ஆனால் நெருப்பில் ஒரு தடவை போய் வந்தவளிடம் சர்க்கரை தடவிப் பேசக் கூடாது என்று தோன்றியது. அதனால் கைவசம் இருந்ததையும் சொன்னேன்.

2010-ஆம் வருஷம் மே 22-ந் தேதி மங்களூரில் இறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் எட்டே பேர் பிழைத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 2020 ஆகஸ்டு 7-ந் தேதி, அதே ரகத்து விமானம் கோழிக்கோட்டில் கொட்டும் மழையில் அதேபோல் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து துண்டாக உடைந்தது. ஆனால் பெருந்தீ மூளவில்லை. 190 பேரில் 21 பேர் போனார்கள். மற்ற 169 பேரும் பிழைத்தார்கள். இரண்டும் ஒரே மாதிரி விபத்து என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் தீ இல்லாவிட்டால் எவ்வளவு பேர் வீடு திரும்பலாம் என்பதற்கு அது ஒரு கணக்கு.

தீ வந்தும் எல்லாரும் தப்பியது உண்டு. 2024-ஆம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய பெரிய விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. சின்ன விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் பாவம், போய்விட்டார்கள். ஆனால் பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் இறங்கித் தப்பினார்கள். அதன் பின் விமானம் எலும்புக்கூடாக எரிந்து போயிற்று. சாமான்களை விட்டுவிட்டு வாருங்கள் என்று பணிப்பெண்கள் சொன்னதைப் பிரயாணிகள் கேட்டதும் அவர்கள் தப்பியதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அத்தை கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்போ அந்த எண்ணெய் வர்ற வரைக்கும் நாமதான் சூதானமா இருக்கணும்" என்றாள்.

"ஆமாங்க அத்தை."

"என்ன பண்ணணும், சொல்லு."

சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், பிரயோஜனப்படும். உட்கார்ந்தவுடன் கிட்டத்தில் உள்ள கதவுக்கு எத்தனை வரிசை என்று எண்ணிக்கொள்ள வேண்டும். முன்பக்கம் ஒரு தரம், பின்பக்கம் ஒரு தரம். புகையில் கண் தெரியாது, ஆனால் முதுகு முதுகாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போகலாம். செருப்பைக் கழற்றி எறிந்துவிடக் கூடாது. அவசரம் என்றால் பை, நகைப்பெட்டி, பட்சண டப்பா எல்லாம் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். நைலக்ஸும் பாலியெஸ்டரும் வேண்டாம். தீயில் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி நல்லது.

கடைசி வார்த்தை வந்ததும் அத்தை என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கண்ணு" என்றாள். "நீ பணியாரம் கேக்காட்டியும் நான் அன்னைக்கு அடுப்பு பத்த வெச்சிருப்பேன். மாமாவுக்குக் காபி போடோணுமில்ல?"

இருபத்தெட்டு வருஷம் கழித்து இப்படிச் சொன்னாள். நான் உள்ளே போய் டம்ளரைக் கழுவுவது போல் கொஞ்ச நேரம் குழாயடியில் நின்றுவிட்டு வந்தேன்.

*

ஆகஸ்டு மாதம் முதல் வாரத்தில் அத்தை காமலாபுரத்தில் விமானம் ஏறினாள். மாமா வாசல் வரை போய் வழியனுப்பினார். விசிறி வைத்த சின்ன விமானம். அத்தை உடுத்தியிருந்தது இளம்பிள்ளைப் பருத்திப் புடவை. சென்னையில் இறங்கியவுடன் எனக்குப் போன் வந்தது.

"கண்ணு, நாலு வரிசை. எண்ணிட்டேன். ஏறுற கதவு பின்னாடிதான் இருக்குது. பக்கத்திலே ஒரு பொண்ணு என்னாத்துக்கு எண்றீங்கன்னு கேட்டுச்சு. அதுக்கும் சொல்லிக் கொடுத்தேன்."

"பயமாயிருந்ததுங்களா?"

"இருந்துச்சு. எண்ணினப்புறம் கொஞ்சம் கம்மி."

பத்து நாள் கழித்துப் பேத்தி பிறந்தாள். நான் பார்க்கப் போனபோது, சுருங்கிய அந்த இடது கையில்தான் குழந்தையைத் தாங்கிக்கொண்டிருந்தாள் அத்தை. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது இதுதான்: "அந்த வெண்டைக்காய் எண்ணெய் எப்போ வரும்? இவ பறக்கற காலத்துக்குள்ளாற வந்துருமா?"

ஜூலியா அம்மையாரையும் அவரைப் போன்றவர்களையும்தான் கேட்க வேண்டும். அதுவரை, நேயர்களே, நீங்கள் அடுத்த தடவை விமானத்தில் ஏறினால், ஜன்னலோரம் கிடைத்ததா என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு தரம் வரிசையை எண்ணிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஏன் என்று கேட்டால் அத்தையைப் போலச் சொல்லிக் கொடுங்கள்.